எந்த ஆண்டுக்கு ‘ஆனுவல்’?

பள்ளிக்கூடத்தில் ஆனுவல் எக்ஸாம், அலுவலகத்தில் ஆனுவல் லீவு, கம்பெனியில் ஆனுவல் ரிப்போர்ட், லிஃப்டுக்கும் ஏசிக்கும் ஆனுவல் மெயின்டனன்ஸ், கடன் பத்திரத்தில் ‘பெர் ஆனம்’. ஆங்கிலம் படிக்காதவர்கள் வீட்டிலும் தாராளமாகப் புழங்கும் சொல் இது. பொருள் கேட்டால் எவரும் தயங்காமல் சொல்வார்கள்: வருஷத்துக்கு ஒருமுறை. அகராதியும் முதலில் அதைத்தான் சொல்கிறது. ஆனால் மேலே சொன்ன ஐந்தையும் உரசிப் பார்த்தால் அந்தப் பொருள் பழுதில்லாமல் பொருந்துவது தேர்வுக்கு மட்டும்தான். ஆனுவல் லீவு என்பது ஒருமுறை எடுக்கிற விடுப்பில்லை. ஓராண்டுக்குள் எடுத்துக்கொள்ளக்கூடிய நாள்களின் மொத்தம். ஆனுவல் ரிப்போர்ட் ஆண்டுக்கு ஒன்று வருவது உண்மைதான், ஆனால் பன்னிரண்டு மாதக் கணக்கை அடக்கியிருப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். அச்சாகி வர இரண்டு மாதம் தாமதமானாலும் பெயர் மாறுவதில்லை. பராமரிப்பு ஒப்பந்தத்தில் மெக்கானிக் ஆண்டுக்கு நான்கு முறை வரலாம். ‘பன்னிரண்டு சதவீதம் பெர் ஆனம்’ என்பதிலோ ஆண்டுக்கு ஒருமுறை நிகழ்வது எதுவுமே இல்லை. கடன் எந்த வேகத்தில் வளர்கிறது என்பதற்கான அளவு அது. மூன்று மாதத்தில் தீரும் கடனுக்கும் அப்படியேதான் எழுதுவார்கள்.

ஆக, இந்தச் சொல் மூன்று வேலை பார்க்கிறது. திரும்பத் திரும்ப வருவதைக் குறிக்கிறது. ஒரு கால அளவை அடைத்து மொத்தம் சொல்கிறது. ஒரு விகிதத்தைக் காட்டுகிறது. மூன்றுக்கும் அடியில் ‘ஆண்டு’ என்று ஒன்று நிற்கிறது, அது எந்த ஆண்டு என்பதைச் சொல் தானாகச் சொல்வதில்லை. துல்லியமான எண்ணைப் போலத் தோற்றமளிக்கும் இந்தச் சொல் உண்மையில் பாதிதான்; எந்த ஆண்டு, எந்த வேலை என்ற மீதிப் பாதியை யார் நிரப்புகிறாரோ அவர் பக்கம் முடிவு சாய்கிறது. இதுவே இந்தக் கட்டுரையின் வாதம். ஆங்கில நடைக் கையேடுகள் காலங்காலமாகச் சண்டை போடுவது பெரும்பாலும் முதல் வேலையைப் பற்றி. பணமும் தண்ணீரும் கைமாறுவது மற்ற இரண்டில்.

வேர் எளிது. லத்தீனில் ‘அன்னுஸ்’ என்றால் ஆண்டு. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது ‘ஆனுவல்’. அதே வேரிலிருந்து ஆண்டாண்டாக எழுதப்படும் வரலாறான ‘ஆனல்ஸ்’, ஆண்டுத் தொகையாகக் கிடைக்கும் ‘ஆனுயிட்டி’, ஆண்டு திரும்பி வருவதைச் சொல்லும் ‘ஆனிவர்சரி’ எல்லாம் கிளைத்தன. 2019 டிசம்பர் 26-இல் கோவையிலும் திண்டுக்கல்லிலும் வளையமாகத் தெரிந்த சூரிய கிரகணத்தை ‘ஆனுலர்’ என்பார்கள். அது மோதிரத்தைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, ஆண்டோடு அதற்கு உறவில்லை. ஆங்கிலத்தில் ‘இயர்லி’ என்ற நாட்டுச் சொல்லும் இருக்கிறது. வீட்டுப் பேச்சுக்கு அது, நிறுவன ஏட்டுக்கு ‘ஆனுவல்’, பணத்துக்கு ‘பெர் ஆனம்’ என்று புழக்கம் தன்னால் பிரிந்துகொண்டது. நூலுக்கும் அந்தப் பெயர் உண்டு. பிரிட்டனில் சிறுவர்களுக்கான ‘ஆனுவல்’கள் இலையுதிர் காலத்திலேயே அடுத்த ஆண்டின் எண்ணைத் தாங்கி வந்துவிடும். நம் தீபாவளி மலர்கள் அந்த அவசரம் காட்டுவதில்லை.

முதல் வேலையான திரும்ப வருதலில்கூட ‘எந்த ஆண்டு’ என்ற கேள்வி உடனே தலைகாட்டுகிறது. வைகுண்ட ஏகாதசி ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழா என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் ஆங்கில நாள்காட்டியைப் பிரித்துப் பாருங்கள். 2023-இல் அது ஜனவரி 2, டிசம்பர் 23 என்று இருமுறை வந்தது. 2024-இல் வரவே இல்லை. 2025-இல் மறுபடி ஜனவரி 10, டிசம்பர் 30 என்று இரண்டு. தமிழ் ஆண்டில் வைத்துப் பார்த்தால் குழப்பம் கரைகிறது: சுபகிருதுக்கு ஒன்று, சோபகிருதுக்கு ஒன்று, குரோதிக்கு ஒன்று, விசுவாவசுவுக்கு ஒன்று. ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாள் என்பதால் 2030-இல் ரமலான் நோன்பு ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பரில் ஒருமுறையும் தொடங்கவிருக்கிறது. சூரியனை வைத்தே கணக்கிட்டாலும் இரண்டு ஆண்டுகள் உண்டு. பருவங்களை ஒட்டிய ஆண்டைவிட நட்சத்திரங்களை ஒட்டிய ஆண்டு சுமார் 20 நிமிடம் நீளம். அந்த 20 நிமிடங்கள் சேர்ந்து சேர்ந்துதான், ஒருகாலத்தில் பகல் நீளத் தொடங்கும் நாளை ஒட்டியிருந்த தை முதல் நாள் இன்று அதைவிட மூன்று வாரத்துக்கும் மேல் தள்ளி நிற்கிறது. இவற்றில் எந்த விழாவும் தன் ஆண்டுக்கணக்கில் தவறவில்லை. அளவுகோல்தான் வேறு வேறு.

விழாக்களில் இது வேடிக்கை, நீதிமன்றத்தில் வினை. மதுரை ஸ்ரீ மீனாட்சி மில்ஸ் வழக்கை நின்று பார்க்கலாம். அந்த நிறுவனத்தின் பொதுக்கூட்டம் 1934 டிசம்பரில் கூடி, ஒத்திவைக்கப்பட்டு, 1935 மார்ச்சில் நடந்து முடிந்தது. அடுத்த கூட்டம் 1936 ஜனவரியில். நடத்தியவர்கள் கணக்கில் 1935-லும் உறுப்பினர்கள் கூடியிருக்கிறார்கள், 1936-லும் கூடியிருக்கிறார்கள், என்ன குறை? கம்பெனிப் பதிவாளர் தரப்பு 1935-க்கான ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்கவில்லை என்று வழக்குத் தொடுத்தது. 1938-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. சட்டத்தில் வரும் ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான நாள்காட்டி ஆண்டு. ஒத்திவைத்த கூட்டம் முந்தைய கூட்டத்தின் தொடர்ச்சியே, ஆகவே மார்ச்சில் நடந்தது 1934-இன் கணக்கு. இங்கிலாந்திலும் 1875-இல் ஒரு வழக்கில் இதே நிலைப்பாடு எடுக்கப்பட்டிருந்தது: ஆண்டுகள் எத்தனையோ அத்தனை கூட்டங்கள் வேண்டும். ‘கடந்த கூட்டத்திலிருந்து பன்னிரண்டு மாதம்’ என்று ஒருவர் எண்ணினால் ஒரு விடை, ‘இந்த நாள்காட்டிக்குள் ஒன்று’ என்று எண்ணினால் வேறு விடை. சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது. தண்டனையோ ஒன்றுக்கு மட்டும்.

அந்த ஓட்டையைச் சட்டம் பிறகு எப்படி அடைத்தது என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 96-ஆம் பிரிவு ஆனுவல் என்ற சொல்லை நம்பி விட்டுவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒரு கூட்டம். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே 15 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும். மூன்று அளவுகோல்களைச் சேர்த்து வைத்த பிறகுதான் வரைவாளர்களுக்குத் தூக்கம் வந்திருக்கிறது. நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால் செப்டம்பர் 30 கடைசி நாளாகிறது. செப்டம்பரில் பங்குதாரர் கூட்ட அழைப்புகள் வந்து குவிவதற்குக் காரணம் அதுவே. அடிப்படையில் இந்தியாவின் பொது உட்பிரிவுச் சட்டம் 1897-இலேயே ‘ஆண்டு’ என்றால் பிரிட்டிஷ் நாள்காட்டிப்படியான ஆண்டு என்று வரையறுத்துவிட்டது. ‘நிதியாண்டு’ என்றால் ஏப்ரல் முதல் தேதி தொடங்குவது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நாம் பட்ஜெட் என்பதை அரசியல் சாசனத்தின் 112-ஆம் கூறு அந்தப் பெயரால் அழைப்பதில்லை, ‘ஆண்டு நிதிநிலை அறிக்கை’ என்கிறது. அதுவும் வெறும் ஆண்டை நம்பாமல் ‘ஒவ்வொரு நிதியாண்டுக்கும்’ என்று கையோடு சேர்த்துக்கொள்கிறது.

இந்த ஏப்ரல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆங்கிலேயரின் ஆண்டே எவ்வளவு ஆட்டம் கண்டது என்பது தெரியும். இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஜனவரிக்கு மாற்றிக்கொண்டபோது 1751-ஆம் ஆண்டு வெறும் 282 நாளோடு முடிந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் 11 நாள்களைக் கழித்துவிட்டதால் 1752-க்கும் 355 நாள்தான். வரி வசூலிக்கிறவர்கள் நாள் குறைந்த ஆண்டுக்கு முழு வரி கேட்க முடியாமல் கணக்கு முடிக்கும் நாளைத் தள்ளிக்கொண்டே போனார்கள். பிரிட்டனின் வரியாண்டு இன்றும் ஏப்ரல் 6-இல் தொடங்குகிறது. இந்தியாவில் ஏப்ரல் முதல் தேதி நிதியாண்டு 1867-இல் வந்தது. இலங்கையில் அரசின் வரவுசெலவு ஆண்டு ஜனவரியில் தொடங்க, வருமான வரிக்கான ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. கொழும்பில் ‘ஆண்டு வருமானம்’ என்று ஒரு படிவம் கேட்டால், நிரப்புகிறவர் எந்த அலுவலகத்தின் படிவம் என்று தலைப்பைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

சோழர் காலத்துக் கிராமசபை இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. முதலாம் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பேர்போனவை. அங்கே தேர்ந்தெடுக்கப்படும் வாரியங்களில் ஒன்றின் பெயரே சம்வத்சர வாரியம், ஆண்டு வாரியம். பெயரில் ஆண்டு இருந்தும் பதவிக்காலத்தை ஆண்டு என்று விட்டுவிடாமல் 360 நாள் என்று எண்ணிச் சொல்கிறது கல்வெட்டு. மன்னன் அரியணை ஏறிய நாளிலிருந்து ஓடும் ஆட்சியாண்டு ஒன்று, சூரியனோடு ஓடும் ஆண்டு ஒன்று என இரண்டு கணக்கு புழங்கிய ஊரில், பதவியை விட்டு இறங்க வேண்டிய நாளைப் பற்றிச் சண்டை வராமலிருக்க நாளை எண்ணுவதே வழி. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஆங்கில நாடாளுமன்றம் 282 நாள் ஆண்டோடு திண்டாடியதை நினைத்தால் உத்திரமேரூர்க்காரர்களின் எழுத்துக் கட்டுப்பாடு மதிப்புக்குரியதாகவே படுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். சூழலே பொருளைச் சொல்லிவிடுமே, ஆனுவல் எக்ஸாம் என்றால் ஏப்ரல் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாதா? தெரியும். பேசுகிற இருவரும் ஒரே ஆண்டுக்குள் வாழும்வரை சொல்லில் ஒரு குறையும் இல்லை. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகள் பத்து மாதத்தைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்த ‘முழு ஆண்டு’ உண்மையில் முழு ஆண்டல்ல என்று எந்தப் பெற்றோரும் வழக்குப் போட்டதில்லை. ஆனால் இருவரின் ஆண்டும் வேறாகும் இடத்தில், அல்லது இருவரின் நலனும் முட்டும் இடத்தில், சூழல் உதவிக்கு வராது. காவிரியைப் பாருங்கள். 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் பிலிகுண்டுலுவில் தர வேண்டிய நீரை ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று முடிவு செய்தது. அந்த ஆண்டு ஜூன் முதல் மே வரையிலான நீராண்டு. தீர்ப்பின் உயிர் அந்த மொத்தத்தில் மட்டும் இல்லை, மாதவாரிப் பங்கீட்டில் இருக்கிறது: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 என்று தொடங்கி, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5. மாதக் கணக்கு இல்லாமல் ஆண்டு மொத்தம் மட்டும் இருந்தால், பெருமழையில் அணை நிரம்பி வழியும்போது திறந்துவிடும் உபரியையும் சேர்த்து ஆண்டு முடிவில் கணக்கு நேராகிவிடும். குறுவைக்கு நீர் வராமல் நாற்று கருகியதை அந்த மொத்தம் காட்டாது. கால அளவை அடைக்கும் ‘ஆனுவல்’ உள்ளே நடந்ததை மறைத்துவிடும். டெல்டா விவசாயிகள் ஒவ்வொரு ஜூலையிலும் மாதக் கணக்கைக் கேட்டு நிற்பதன் நியாயம் இதில்தான் இருக்கிறது.

தாவரவியலில் இந்தச் சொல் ஆண்டையே கைவிட்டுவிட்டது. ‘ஆனுவல் பிளான்ட்’ என்றால் முளைத்து, பூத்து, காய்த்து, ஒரே வளர்பருவத்தில் வாழ்வை முடிக்கும் செடி. குறுகிய கால நெல் ஏறத்தாழ 110 நாளில் அறுவடைக்கு வருகிறது. குளிர்நாட்டுக் கோதுமை இலையுதிர் காலத்தில் விதைக்கப்பட்டு மறு ஆண்டுக் கோடையில் அறுக்கப்படுகிறது, இரண்டு நாள்காட்டிகளில் கால் வைத்தும் அது ஆனுவல். கத்தரியும் மிளகாயும் உறைபனி இல்லாத ஊரில் ஆண்டு கடந்தும் காய்க்கும். பனி விழும் நாட்டுத் தோட்டக்காரருக்கு அவை ஆனுவல். அதாவது அங்கே சொல் செடியின் குணத்தைவிட ஊரின் குளிரைத்தான் அதிகம் சொல்கிறது. தமிழ்ப் பாடநூல்கள் ஒருபருவத் தாவரம், இருபருவத் தாவரம், பல்பருவத் தாவரம் என்று எழுதுவது மூலத்தைவிட உண்மைக்கு நெருக்கமானது. தொழிலாளர் சட்டத்திலும் ஆண்டு இப்படிச் சுருங்கியிருக்கிறது. 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் வகுத்த கணக்கில் பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஓராண்டுத் தொடர்பணி. நிலத்தடிச் சுரங்கத் தொழிலாளிக்கு 190 நாள் போதும். அந்த வரையறை இல்லாவிட்டால், ஆண்டுக்கு ஒருமுறை பத்து நாள் பணியிடைவெளி காட்டி ஒரு தொழிலாளியின் இருபது ஆண்டு உழைப்பையும் ‘ஓராண்டு நிரம்பவில்லை’ என்று தள்ளிவிட முடியும். ஆண்டு என்பதை நிரப்பும் உரிமை முதலாளி கையில் இருக்கக்கூடாது என்று சட்டம் எடுத்த முடிவு அது.

இவ்வளவு கனமான இடங்கள் இருக்க, ஆங்கிலக் கையேடுகள் மை செலவிடுவது ‘ஃபர்ஸ்ட் ஆனுவல்’ என்ற தொடர் மீது. தொடர்ந்து இரண்டு ஆண்டாவது நடக்காத ஒன்றை ஆனுவல் என்று சொல்லக்கூடாது, முதல் தடவை என்றால் ஆண்டுதோறும் நடத்தத் திட்டம் இருப்பதாக மட்டும் குறிப்பிட வேண்டும் என்பது அசோசியேட்டட் பிரஸ் கையேட்டின் விதி. தர்க்கப்படி சரி, ஆனால் ஆண்டுதோறும் நடத்தும் எண்ணத்தோடு தொடங்குபவர் அந்த எண்ணத்தைப் பெயரில் அறிவிப்பதால் யாருக்கும் ஒரு ரூபாய் நட்டமில்லை. இதைவிட ‘பைஆனுவல்’ தொல்லை கூடுதல். ஆண்டுக்கு இருமுறை என்றும் இரண்டாண்டுக்கு ஒருமுறை என்றும் ஆங்கில அகராதிகளே இரு பொருள் தருகின்றன. 1895-இல் தொடங்கிய வெனிஸ் கலைக் கண்காட்சி போலவும் 2012 டிசம்பரில் தொடங்கிய கொச்சி முசிறி கண்காட்சி போலவும் ‘பினாலே’ என்று வந்தால் இரண்டாண்டுக்கு ஒன்று என்பது நிச்சயம். பைஆனுவல் என்று வந்தால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழில் இந்த மயக்கத்துக்கு இடமே இல்லை. மாதமிருமுறை இதழ் வேறு, இருமாத இதழ் வேறு என்பது பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும்.

ஆனால் தமிழ் எல்லா இடத்திலும் தெளிவு என்று மார்தட்ட வேண்டாம். ‘முதலாம் ஆண்டு நினைவு நாள்’ என்றால் ஓராண்டு முடிந்த நாள். ‘முதலாம் ஆண்டு புத்தகத் திருவிழா’ என்றால் முதன்முதலாக நடப்பது. ஒரே தொடர், பன்னிரண்டு மாத வித்தியாசம். நிறைந்த ஆண்டையும் நடப்பு ஆண்டையும் ஒரே எண்ணால் சொல்லும் பழக்கம் நமக்கு வயது சொல்வதிலிருந்தே உண்டு. பெரியவர்களின் விழாக்களிலும் அது தெரிகிறது. மு. கருணாநிதி பிறந்தது 1924 ஜூன் 3. தமிழ்நாடு அரசு அவரது நூற்றாண்டு விழாவை 2023 ஜூன் 3-இல், நூறாவது ஆண்டு பிறந்தபோது தொடங்கியது. எம்.ஜி.ஆர். பிறந்தது 1917 ஜனவரி 17. அரசின் நூற்றாண்டு விழாக்கள் நூறு நிறைந்த பிறகு, 2017-இல் தொடங்கின. இரண்டுமே நூற்றாண்டு விழாதான், இரண்டு கணக்கும் வழக்கில் உள்ளவைதான். இப்படிப்பட்ட இடங்களில் நான் புலவர்களின் பக்கம் இல்லை. ஓராண்டு முன்னே பின்னே வாழ்த்துவதால் மொழி கெட்டுவிடாது.

விகிதத்துக்கு வரும்போது அந்தத் தாராளம் செல்லாது. 2020-ஆம் ஆண்டு இரண்டாம் காலாண்டில் அமெரிக்கப் பொருளாதாரம் 31.4 சதவீதம் சரிந்தது என்றும், அதே ஏப்ரல் முதல் ஜூன் வரையில் இந்தியப் பொருளாதாரம் 23.9 சதவீதம் சரிந்தது என்றும் புள்ளிவிவரங்கள் வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அமெரிக்காவைவிட நாம் தேவலை என்று ஆறுதல் தேடியவர்கள் உண்டு. அமெரிக்கா வெளியிடுவது ஆண்டு விகிதமாக்கப்பட்ட எண்: இந்தக் காலாண்டின் வேகம் நான்கு காலாண்டுக்கும் அப்படியே நீடித்தால் ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு ஆகும் என்ற கணக்கு. அந்தக் காலாண்டில் உண்மையில் சரிந்தது ஏறத்தாழ 9 சதவீதம். மிஞ்சிய 0.91-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.686 வருகிறது, அதுதான் 31.4 சதவீதச் சரிவு. இந்தியா வெளியிட்டது முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்ட எண். அதே முறையில் ஒப்பிட்டாலும் அமெரிக்காவின் சரிவு 9 சதவீதத்தை ஒட்டியதுதான். ஆக, ஒப்பிட வேண்டியது 23.9-ஐயும் ஏறத்தாழ 9-ஐயும். இரண்டு எண்ணிலும் ‘ஆண்டு’ இருந்தது. ஒன்றில் அது நடந்து முடிந்த ஆண்டு, மற்றதில் நடக்கவே போகாத ஆண்டு.

நடக்காத ஆண்டைக் கற்பனை செய்து அளப்பது வெள்ளக் கணக்கிலும் உண்டு. ‘நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’ என்று நீரியலாளர் சொல்வதற்கு, எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்று பொருள். முப்பது ஆண்டு வீட்டுக்கடன் எடுத்து ஆற்றோரம் வீடு கட்டுபவருக்குக் கடன் தீர்வதற்குள் அந்த வெள்ளம் ஒருமுறையாவது வர நூற்றுக்கு 26 வாய்ப்பு. ‘போன வருஷம்தான் வந்துவிட்டுப் போயிற்று, இனி நம் காலத்தில் வராது’ என்ற நிம்மதி விகிதத்தைத் திரும்ப வருதலாக வாசித்ததன் பலன். மூன்று வேலைகளில் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதற்கும் ஒரு பதில் சொல்லப்படும்: இவை கணக்குத் தெரியாததால் வரும் பிழைகள், சொல் என்ன செய்யும்? பாதி உண்மை. மீதிப் பாதி, சொல் அந்தப் பிழைக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது என்பது. அந்த வாசலால் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கடனை எடுத்துக்கொள்வோம். அசல் 1,20,000 ரூபாய், ஆண்டு வட்டி 12 சதவீதம் ‘ஃபிளாட்’, ஓராண்டில் பன்னிரண்டு தவணை. வட்டி 14,400, மொத்தம் 1,34,400, மாதம் 11,200. பார்வைக்கு நேர்மையான கணக்கு. ஆனால் முதல் தவணை கட்டியதிலிருந்தே அசல் குறையத் தொடங்கிவிடுகிறது. ஆறாம் தவணை கட்டிய பிறகு கடனாளி கையில் இருப்பது ஏறத்தாழப் பாதி அசல்தான். வட்டியோ கடைசி மாதம் வரை முழு 1,20,000-க்கும் ஓடுகிறது. குறையும் அசலின் மீது கணக்கிட்டால் உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ 21.5 சதவீதம். இரண்டு எண்ணும் ‘ஆண்டுக்கு’த்தான். முதலாவது அசல் முழுவதும் ஓராண்டு உங்களிடம் இருப்பதாகப் பாவித்த ஆண்டு. இரண்டாவது பணம் உண்மையில் உங்களிடம் இருந்த காலம்.

இந்த ஒரு விஷயத்தில் ஊர் வட்டிக்கடைப் பேச்சு பத்திர ஆங்கிலத்தைவிட வெளிப்படையானது. ‘ரெண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று வாங்குகிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் தெரியும். ஆண்டுக்கு 24 என்று பெருக்கிக்கொள்ளலாம். ‘அஞ்சு வட்டி’ ஆண்டுக்கு 60 சதவீதம் என்பதை மறைக்க எந்த அலங்காரமும் இல்லை. கந்து வட்டியை இதற்காகப் புகழவில்லை. அதன் கொடுமை காரணமாகவே தமிழ்நாடு 2003-இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. கால அளவை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அங்கே இருக்கிறது, அச்சடித்த படிவத்தில் இல்லை என்பதே குறிப்பு.

படிவத்தில் அது இப்போது வந்துவிட்டது. சில்லறைக் கடனுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில் கடனுக்கும் 2024 அக்டோபர் 1 முதல் வங்கியும் நிதி நிறுவனமும் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கடனாளிக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் சதவீத விகிதம் அதில் இருக்கும். கடன் வாங்கப் போகிறவர்கள் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் உள்ள ‘பெர் ஆனம்’ எண்ணை விட்டுவிட்டு, கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளைத் தமிழில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.